ரகசிய வர்த்தகப் பேச்சில் டிஜிட்டல் உரிமைக்காக இறங்குவது எப்படி: முதல்முறை வருவோருக்கு

இந்தியா பேசிக்கொண்டிருந்த ஒரு வர்த்தக ஒப்பந்தம் பற்றி நான் போட்ட முதல் ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனுவில் இருந்தது ஒரே ஒரு வரி: "டிஜிட்டல் வர்த்தக அத்தியாயத்தின் வரைவு நகல் தரவும்." பத்து ரூபாய் கட்டினேன். 29ஆம் நாள் இரண்டு வரியில் பதில் வந்தது: பிரிவு 8(1)(ஏ), 8(1)(டி), தர இயலாது. மேல்முறையீடு போட்டேன். அதற்கும் அதே இரண்டு வரிதான். இப்படியே ஏழு மாதம் போய்விட்டது. அதற்குள் அந்த அத்தியாயத்தைப் பேசி முடித்துவிட்டதாகச் செய்தி வந்தது. சட்டப்படி நான் கேட்டதில் தப்பில்லை. ஆனால் வேலைக்கு ஆகாத கேள்வி அது.

டெல்லியில் அலுவலகம் இல்லாத, வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லாத சின்னக் குழுக்களுக்காக இதை எழுதுகிறேன். கட்டற்ற மென்பொருள் குழு, சட்டக்கல்லூரி மாணவர்கள், நுகர்வோர் சங்கம், யாராக இருந்தாலும் சரி. எனக்குத் தெரிந்தது இந்தியா பேசும் தடையற்ற வர்த்தக ஒப்பந்தங்கள்தான், அதனால் எடுத்துக்காட்டுகளும் அங்கிருந்தே வரும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். வரைவு ரகசியம். அதைச் சுற்றியுள்ள முக்கால்வாசி விஷயங்கள் ரகசியமில்லை. எப்போது சந்திக்கிறார்கள், யாரிடம் கருத்துக் கேட்டார்கள், எதிர்த்தரப்பு முன்பு வேறு நாடுகளோடு என்ன வார்த்தையில் கையெழுத்திட்டது என்பதெல்லாம் வெளியில் கிடைக்கிறது.

1. முதலில் நாள்காட்டியைப் பிடியுங்கள்

பிரிட்டனோடு இந்தியா செய்த ஒப்பந்தத்தின் தேதிகளைப் பாருங்கள். பேச்சு தொடங்கியது 2022 ஜனவரி 13. முடிந்துவிட்டதாக இரு தரப்பும் அறிவித்தது 2025 மே 6. கையெழுத்தானது 2025 ஜூலை 24. முழு வாசகம் பொதுமக்கள் கண்ணில் பட்டதும் அந்த ஜூலை 24 அன்றுதான். நடுவில் இருந்த 79 நாளில் நடந்தது சட்ட வாசகத்தைத் துடைத்துச் சரிபார்க்கும் வேலை. அந்தக் கட்டத்தில் கமா மாறும், கொள்கை மாறாது. நாம் பேச வேண்டிய காலம் அந்த மூன்றேகால் வருடம். அதிலும் டிஜிட்டல் அத்தியாயம் "மூடப்படும்" வரைதான்.

அது எப்போது மூடப்படுகிறது என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு சுற்றுப் பேச்சு முடிந்ததும் செய்திக்குறிப்பு வரும். நம் பக்கம் பத்திரிகைத் தகவல் அலுவலகம் வெளியிடுவது இரண்டு பத்தி இருந்தாலே பெரிது. எதிர்த்தரப்பு பெரும்பாலும் கூடுதலாகச் சொல்லும். ஐரோப்பிய ஆணையம் இந்தியாவுடனான சுற்றுகளுக்கு அத்தியாய வாரியாக அறிக்கை போட்டிருக்கிறது. எந்தத் தலைப்பில் முன்னேற்றம், எதில் இழுபறி என்பது அதில் இருக்கும். ஒரு தாளில் மூன்று நெடுவரிசை போடுங்கள்: சுற்று எண், தேதி, டிஜிட்டல் பற்றி என்ன சொன்னார்கள். நான்கு சுற்றுக்குப் பிறகு அந்தத் தாளே உங்களிடம் பேசும். "நல்ல விவாதம் நடந்தது" என்பது "பெரும்பகுதி உடன்பாடு" என்று மாறினால் உங்களுக்கு ஒன்றிரண்டு சுற்றுதான் மீதி.

இதை ஒருவர் பொறுப்பில் விடுங்கள். எல்லோரும் பார்ப்பார்கள் என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். எங்கள் குழுவில் அப்படித்தான் ஒரு முழுச் சுற்று நடந்து முடிந்ததே எங்களுக்குத் தெரியவில்லை.

2. வரைவு இல்லாமலே வரைவைப் படிப்பது

வர்த்தக ஒப்பந்தம் எழுதுபவர்கள் புதிதாக எழுதுவதில்லை. பழையதை எடுத்து ஒட்டுவார்கள். அதனால் எதிர்த்தரப்பு கடைசியாகப் போட்ட இரண்டு ஒப்பந்தங்களை எடுத்து டிஜிட்டல் அத்தியாயத்தைப் படியுங்கள். பிரிட்டன் என்றால் ஜப்பானுடன் போட்டதையும் பாருங்கள். அப்புறம் எல்லோருக்கும் தாய்ப்பத்திரம் போல இருப்பது, பசிபிக் கரை நாடுகள் போட்ட டிரான்ஸ் பசிபிக் ஒப்பந்தத்தின் 14ஆம் அத்தியாயம். அமெரிக்கா, மெக்சிகோ, கனடா ஒப்பந்தத்தின் 19ஆம் அத்தியாயம் அதைவிடக் கடுமை. நம் பக்கம் ஐக்கிய அரபு அமீரகத்துடன் 2022இல் கையெழுத்திட்டதன் டிஜிட்டல் அத்தியாயத்தையும் பக்கத்தில் வையுங்கள். ஐரோப்பிய ஆணையம் இந்தியாவிடம் வைத்த தன் முன்மொழிவுகளை 2022இலேயே தன் தளத்தில் போட்டுவிட்டது, டிஜிட்டல் வர்த்தகம் உட்பட. பேச்சு மேசையின் ஒரு பக்கத் தாள் அது. அதைக்கூடப் படிக்காமல் "எல்லாம் ரகசியம்" என்று மேடையில் பேசுபவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

படிக்கும்போது தேட வேண்டிய விதிகள் நான்கைந்துதான்.

மூலநிரல் விதி. மூலநிரல் என்பது மென்பொருளை எழுதிய நிரல் (சோர்ஸ் கோட்). "உன் சந்தையில் விற்க வேண்டுமானால் மென்பொருளின் மூலநிரலைக் காட்டு" என்று அரசு நிபந்தனை போடக் கூடாது என்பது இதன் சாரம். கடன் செயலி, முக அடையாளக் கருவி போன்றவற்றை நாளைக்குத் தணிக்கை செய்ய ஒரு சட்டம் வந்தால் மோதப்போவது இதோடுதான். டிரான்ஸ் பசிபிக் ஒப்பந்தத்தில் இது சந்தையில் பெருவாரியாக விற்கும் மென்பொருளுக்கு மட்டும் என்று வரையறுத்து, முக்கிய உள்கட்டமைப்பை விலக்கியிருந்தார்கள். அமெரிக்கா, மெக்சிகோ, கனடா ஒப்பந்தத்தில் அல்காரிதமும் சேர்ந்துகொண்டது. இந்தியா, பிரிட்டன் ஒப்பந்தத்திலும் மூலநிரல் விதி இருக்கிறது.

தரவு எல்லை தாண்டுவது, தரவை உள்நாட்டில் வைப்பது. ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரல் 6 சுற்றறிக்கையில் பணப்பரிமாற்றத் தரவை இந்தியாவில்தான் சேமிக்க வேண்டும் என்றது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, பிரிவு 16, குறிப்பிட்ட நாடுகளுக்குத் தரவு போவதைத் தடுக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. ஒப்பந்த விதி இவற்றைத் தொடுகிறதா என்று பாருங்கள்.

மின்னணுப் பரிமாற்றத்துக்குச் சுங்க வரி போடாமல் இருப்பது, சமூக ஊடகம் போன்ற இணைய இடைநிலை நிறுவனங்களின் பொறுப்பு, பதிப்புரிமையில் டிஜிட்டல் பூட்டு (நகலெடுப்பதைத் தடுக்கும் தொழில்நுட்பம்) ஆகியவையும் உண்டு. கடைசியது டிஜிட்டல் அத்தியாயத்தில் இருக்காது, அறிவுசார் சொத்துரிமை அத்தியாயத்தில் ஒளிந்திருக்கும்.

பொறி: வினைச்சொல்லைப் பாருங்கள். ஆங்கில வாசகத்தில் "ஷால்" என்று மட்டும் இருந்தால் கட்டாயம். "ஷால் எண்டெவர் டு" என்றால் முயற்சி செய்வோம், அவ்வளவுதான். அமீரக ஒப்பந்தத்தில் இந்த இரண்டாவது வகை நிறைய. நான் முதலில் எழுதிய குறிப்பில் ஒரு "முயற்சி செய்வோம்" விதியைக் கட்டாயம் என்று எழுதி, ஒரு பேராசிரியர் எல்லோர் முன்னாலும் திருத்தினார். அடுத்து, அந்த அத்தியாயம் தகராறு தீர்வு முறைக்கு உட்பட்டதா என்பதையும் பாருங்கள். உட்படாத விதிக்காக மாரடிப்பதில் பயன் குறைவு.

3. ஆர்டிஐ: வரைவைக் கேட்காதீர்கள், கோப்பைக் கேளுங்கள்

இங்கேதான் எனக்கு அதிக அடி. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

யாருக்கு அனுப்புவது: பேச்சு நடத்துவது மத்திய வர்த்தகம் மற்றும் தொழில் அமைச்சகத்தின் வர்த்தகத் துறை. ஆனால் டிஜிட்டல் விதிகளில் நிலைப்பாடு சொல்வது மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம். அறிவுசார் சொத்துரிமை, மின்வணிகக் கொள்கை என்றால் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக ஊக்குவிப்புத் துறை. மூன்றுக்கும் தனித்தனி மனு போடுங்கள். ஒன்றுக்கு மட்டும் போட்டால் பிரிவு 6(3)இன்படி மற்றதற்கு மாற்றுவார்கள். ஐந்து நாளில் மாற்ற வேண்டும் என்பது சட்டம். மாறும்போது கேள்வி பாதியாகக் கிழிந்து போகும் என்பது அனுபவம்.

எப்படி: மத்திய அரசின் ஆர்டிஐ இணையதளம். கட்டணம் 10 ரூபாய், யுபிஐயிலேயே கட்டலாம். மனுப் பெட்டியில் 3000 எழுத்துதான் பிடிக்கும், மீறினால் பிடிஎஃப் இணைக்க வேண்டும். 2012 விதிகளின்படி மனு பொதுவாக 500 வார்த்தைக்குள். தமிழில் அனுப்பச் சட்டம் இடம் கொடுக்கிறது, ஏனென்றால் மனு கொடுக்கும் இடத்தின் ஆட்சிமொழி செல்லும். ஆனால் டெல்லி அலுவலகத்துக்கு ஆங்கிலத்திலேயே அனுப்புங்கள். மொழிபெயர்ப்புக்குப் போய் வரும் நாள்கள் நமக்கு நஷ்டம்.

என்ன கேட்பது: "ஏன்", "எதற்காக" என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள். எனக்குப் பலன் தந்தவை:

டிஜிட்டல் அத்தியாயம் குறித்து நடந்த கலந்தாலோசனைக் கூட்டங்களின் தேதி, அழைக்கப்பட்ட அமைப்புகளின் பட்டியல், கூட்டக் குறிப்பு.

எழுத்துமூலம் கருத்துக் கொடுத்த தொழில்துறைச் சங்கங்கள், நிறுவனங்களின் பட்டியல்.

எந்தெந்த அமைச்சகங்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது, கேட்ட கடிதத்தின் தேதி.

இந்த விதிகளால் ஏற்படும் பொருளாதார, சட்ட விளைவுகள் பற்றி ஆய்வு ஏதும் செய்யப்பட்டிருந்தால் அதன் நகல். இல்லையென்றால் "அப்படி ஆவணம் இல்லை" என்ற பதில். அந்தப் பதில் சில நேரம் ஆய்வைவிட மதிப்பு வாய்ந்தது. பத்திரிகைக்காரர்கள் விரும்புவது இதைத்தான்.

இரு நாடுகளும் செய்துகொண்ட ரகசியக் காப்பு உடன்பாட்டின் நகல். வரைவைத் தரமாட்டோம் என்பவர்கள், தரமாட்டோம் என்று எங்கே ஒப்புக்கொண்டார்கள் என்பதையாவது காட்டட்டும்.

ஒரு கேள்விக்கு ஒரு மனு என்று பிரியுங்கள். ஐந்தையும் ஒன்றாகப் போட்டால் ஒன்றுக்கான மறுப்பை ஐந்துக்கும் ஒட்டிவிடுவார்கள். 50 ரூபாய் செலவாகும், பரவாயில்லை. தனிநபர் பெயர்களைக் கேட்காதீர்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியே 8(1)(ஜே) பிரிவு இறுகிவிட்டது. பதவியையும் அமைப்பின் பெயரையும் மட்டும் கேளுங்கள்.

மறுப்பு வந்தால்: வழக்கமாக வருபவை 8(1)(ஏ) பொருளாதார நலன் மற்றும் அயல்நாட்டு உறவு, 8(1)(டி) வணிக ரகசியம், 8(1)(எஃப்) வெளிநாட்டு அரசு நம்பிக்கையில் தந்தது, 8(1)(ஐ) அமைச்சரவைத் தாள். முதல் மேல்முறையீட்டில் நான்கு பிரிவுகளை எடுத்து வையுங்கள். பிரிவு 10: தரக் கூடாததை அடித்துவிட்டு மீதியைத் தரலாம். பிரிவு 8(2): பொதுநலன் மேலோங்கினால் தரலாம். பிரிவு 19(5): மறுத்தது சரி என்று நிரூபிக்கும் பொறுப்பு அலுவலருடையது. பிரிவு 4(1)(சி): மக்களைப் பாதிக்கும் முக்கியக் கொள்கை வகுக்கும்போது தொடர்புடைய விவரங்களைத் தாங்களாகவே வெளியிட வேண்டும். என் முதல் மேல்முறையீட்டில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. "இது ஜனநாயகத்துக்கு எதிரானது" என்று முக்கால் பக்கம் எழுதியிருந்தேன்.

கால அளவு: பதிலுக்கு 30 நாள். பதில் வந்ததிலிருந்து 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதை 30 நாளில் முடிக்க வேண்டும், காரணம் எழுதினால் 45 வரை போகலாம். அதன்பின் 90 நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையத்தில் இரண்டாவது மேல்முறையீடு. மேல்முறையீட்டுக்குக் கட்டணம் கிடையாது. ஆணையத்தில் விசாரணை வர மாதக்கணக்கில் ஆகும், ஒரு வருடமும் தாண்டலாம். ஆகவே ஆணையத்தை நம்பி வியூகம் போடாதீர்கள். அதை ஒரு பக்கம் ஓடவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

ஒரு குறுக்கு வழி: நம் மாநிலத்தின் தகவல் தொழில்நுட்பத் துறைக்கு ஒரு மனு. "இந்த ஒப்பந்தத்தின் டிஜிட்டல் விதிகள் குறித்து மத்திய அரசு உங்கள் கருத்தைக் கேட்டதா? கேட்ட கடித நகல் தரவும்." இதைத் தமிழிலேயே போடலாம், இணையத்திலேயே முடியும். தமிழ்நாடு 2020இல் செயற்கை நுண்ணறிவுக்கான தன் கொள்கையை வெளியிட்ட மாநிலம். ஒரு கருவியை அரசு பயன்படுத்தும் முன் மதிப்பெண் போட்டுப் பார்க்கும் முறையும் அதில் உண்டு. அந்த மாநிலத்தைக் கேட்காமல் மூலநிரல் விதி எழுதப்பட்டதா என்பது நியாயமான கேள்விதானே.

இலங்கையில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் சட்டத்தில், வெளிநாட்டு வர்த்தக உடன்படிக்கையில் நுழைவது பற்றிய முடிவுகளை முன்கூட்டியே வெளியிடுவது பொருளாதாரத்துக்குக் கடும் பாதிப்பு தருமானால் மறுக்கலாம் என்று நேரடியாகவே இருக்கிறது. "கடும் பாதிப்பு" என்பதை அவர்கள் காட்ட வேண்டும். கலந்தாலோசனைப் பட்டியல் அந்த விலக்கில் அடங்காது என்று வாதிடுங்கள்.

4. எதிர்த்தரப்பு நாட்டிலும் மனு போடுங்கள்

நம் ஆர்டிஐ குடிமக்களுக்கு மட்டும். பிரிட்டனின் 2000ஆம் ஆண்டுத் தகவல் சுதந்திரச் சட்டம் அப்படியில்லை. யார் வேண்டுமானாலும், எந்த நாட்டிலிருந்தும் கேட்கலாம். ஒரு மின்னஞ்சல் போதும், பெயரும் பதில் முகவரியும் இருக்க வேண்டும். மத்திய அரசுத் துறையில் தேடும் செலவு 600 பவுண்டு அளவைத் தாண்டாதவரை கட்டணம் கேட்கமாட்டார்கள். 20 வேலை நாளில் பதில். வெளியுறவு பாதிக்கும் என்று பிரிவு 27ஐக் காட்டி மறுப்பதும் உண்டு. அங்கும் வரைவைக் கேட்காமல் சந்திப்புப் பட்டியலையும் நிறுவனங்கள் கொடுத்த மனுக்களையும் கேளுங்கள். கேள்வியைக் குறுக்கிப் போடுங்கள்: எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, எந்தத் தலைப்பு. "எல்லா மின்னஞ்சல்களும்" என்றால் செலவு எல்லையைக் காட்டி மூடிவிடுவார்கள்.

5. இரண்டு பக்கக் குறிப்பு

ஒரு அதிகாரியை ஒருமுறை 20 நிமிடம் சந்திக்க வாய்த்தது. எந்தத் துறை என்பது வேண்டாம். எங்கள் 34 பக்க அறிக்கையைக் கொடுத்தோம். மனிதர் பொறுமையாகப் புரட்டினார். இரண்டாம் பக்கத்தில் ஒரு பத்திக்குப் பென்சிலால் கோடு போட்டார். தேநீர் வந்தது. பிறகு கேட்டார்: "சரி, இந்த வரிக்குப் பதிலாக என்ன வார்த்தை போடலாம், சொல்லுங்கள்." எங்கள் மூன்று பேரில் ஒருவரிடமும் பதில் இல்லை. "நாளை அனுப்புகிறோம் சார்" என்றோம். அனுப்ப 11 நாள் ஆனது. அதற்குள் அவர் அடுத்த சுற்றுக்குக் கிளம்பிவிட்டார்.

அந்தப் பென்சில் கோட்டில் கற்றதுதான் இது. ஒரு விதிக்கு ஒரு குறிப்பு, இரண்டு பக்கம், நான்கு பத்தி:

விதி என்ன சொல்லக்கூடும், எதை வைத்துச் சொல்கிறீர்கள் (எதிர்த்தரப்பின் எந்தப் பழைய ஒப்பந்தம், எந்த எண்).

எந்த இந்தியச் சட்டம், சுற்றறிக்கை, கொள்கையோடு இது மோதும். தேதியும் பிரிவும் வேண்டும்.

மாற்று வாசகம், ஆங்கிலத்தில், ஒப்பந்த நடையில். உதாரணமாக மூலநிரல் விதியின் விதிவிலக்கு பல ஒப்பந்தங்களில் "குறிப்பிட்ட விசாரணை, ஆய்வு" நடக்கும்போது என்றுதான் இருக்கும். புகார் எழும் முன்பே செய்யும் தணிக்கையும் இதில் அடங்கும் என்று சேர்க்கக் கேட்கலாம். "குறிப்பிட்ட" என்ற ஒரு சொல்லை நீக்கக் கேட்பதுகூட ஒரு முன்மொழிவுதான்.

வேறு யார் இப்படிச் செய்திருக்கிறார்கள். 2023 அக்டோபரில் அமெரிக்காவே உலக வர்த்தக அமைப்பில் தரவுப் பாய்ச்சல், உள்நாட்டுச் சேமிப்பு, மூலநிரல் விதிகளுக்கான தன் ஆதரவை விலக்கிக்கொண்டது. அந்த அமைப்பில் சில நாடுகள் சேர்ந்து நடத்திய மின்வணிகக் கூட்டு முயற்சியில் இந்தியா சேரவே இல்லை. "நம் அரசு ஜெனீவாவில் (உலக வர்த்தக அமைப்பில்) எடுத்த நிலைப்பாட்டையே இங்கும் எடுக்கச் சொல்கிறோம்" என்று தொடங்கினால் காது கொடுப்பார்கள்.

பொறி: "பொது விதிவிலக்கு விதி இருக்கிறது, கவலை வேண்டாம்" என்று பதில் வரும். பொதுநலனுக்காக ஒப்பந்தத்தை மீறி அரசு நடவடிக்கை எடுக்க இடம் தரும் விதி அது. அதற்குத் தயாராகப் போங்கள். அந்த விதிவிலக்கைப் பயன்படுத்த, நடவடிக்கை "தேவையானது" என்று அரசு நிரூபிக்க வேண்டியிருக்கும். சுமை நம் தலையில்.

இன்னொன்று. 2014ஆம் ஆண்டின் சட்டத்துக்கு முந்தைய கலந்தாலோசனைக் கொள்கையை மேற்கோள் காட்டி, வரைவை 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்கச் சொல்பவர்கள் உண்டு. அது சட்ட முன்வடிவுகளுக்கானது. ஒப்பந்தங்களுக்குப் பொருந்தாது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள், உங்கள் மற்ற வாதமும் அதோடு போகும்.

6. எம்பியும் நாடாளுமன்ற நிலைக்குழுவும்

இந்தியாவில் ஒப்பந்தம் நாடாளுமன்ற ஒப்புதலுக்கு வராது. அமைச்சரவை முடிவெடுக்கும், சட்டம் திருத்த வேண்டியிருந்தால் மட்டும் அந்தத் திருத்தம் அவைக்கு வரும். "பார்லிமெண்ட்ல தோற்கடிப்போம்" என்பது பேச்சுக்குத்தான். ஆனால் கேள்வி கேட்க வைக்கலாம்.

கேள்விக்கு 15 நாள் முன்னறிவிப்பு தேவை. எந்த அமைச்சகத்துக்கு எந்தக் கிழமை என்று கூட்டத்தொடருக்கு முன்பே அட்டவணை வரும். எம்பியின் உதவியாளரிடம் கூட்டத்தொடர் தொடங்க ஒரு மாதம் முன்பே, கேள்வியை அப்படியே படியெடுத்து அனுப்பும் வடிவில் கொடுங்கள். 150 வார்த்தைக்குள், ஏ, பி, சி என்று பிரித்து. பின்னணிக் கட்டுரை வேண்டாம். அவையில் வாய்மொழியாகப் பதில் வரும் நட்சத்திரக் குறியிட்ட கேள்வி குலுக்கலில் விழுவது அதிர்ஷ்டம். எழுத்துப் பதில் வரும் நட்சத்திரமில்லாத கேள்வியே நமக்குப் போதும், அது நிரந்தரப் பதிவாக இருக்கும். கேட்பதற்கு முன் அவைத் தளத்தில் பழைய பதில்களைத் தேடிப் பாருங்கள். ஏற்கெனவே பதில் வந்த கேள்வியைக் கொடுத்து ஒரு உதவியாளரிடம் நான் வாங்கிய பேச்சு உங்களுக்கு வேண்டாம்.

உங்கள் தொகுதி எம்பிதான் என்றில்லை. தமிழகத்தில் 39 மக்களவை, 18 மாநிலங்களவை உறுப்பினர்கள். இவர்களில் வர்த்தக நிலைக்குழுவில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துப் போங்கள். நிலைக்குழு ஒரு தலைப்பை எடுத்தால் மக்களிடம் கருத்துக் கேட்டு விளம்பரம் வரும். அவகாசம் வழக்கமாக இரண்டு வாரம்தான், அதனால் குறிப்பு முன்பே தயாராக இருக்க வேண்டும். அனுப்பிய மனு குழுவின் ரகசிய ஆவணமாகிவிடும், அதை இணையத்தில் போடக் கூடாது. இது புதியவர்கள் விழும் பெரிய குழி. பொதுவில் பேச நினைப்பதைத் தனியாக வேறு குறிப்பாக எழுதி முன்பே வெளியிட்டுவிடுங்கள்.

7. தனியாகப் போகாதீர்கள்

டிஜிட்டல் உரிமை என்று மட்டும் சொன்னால் கூட்டம் சேராது. 2019 நவம்பர் 4 அன்று பாங்காக்கில் இந்தியா ஆர்செப் என்ற ஆசிய பசிபிக் வர்த்தக ஒப்பந்தத்திலிருந்து விலகியதற்கு முன்னால் பால் விவசாயிகள், தொழில்துறையினர், மருந்து விலைக்காகப் போராடியவர்கள் எல்லோரும் குரல் கொடுத்திருந்தார்கள். மென்பொருள்காரர்கள் மட்டும் இருந்திருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது என் கருத்து. மருந்துக் காப்புரிமைக்காக வேலை செய்யும் குழுக்களுக்கு இந்த அத்தியாயங்களைப் படித்து வருடக்கணக்கில் பழக்கம். முதலில் அவர்களைப் பிடியுங்கள்.

வெளிநாட்டுக் குழு உதவுகிறேன் என்றால் ஆய்வும் வார்த்தையும் வாங்குங்கள். பணம் என்றால் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு இருக்க வேண்டும். பதிவு இல்லாமல் ஆயிரம் ரூபாய்கூடக் குழுக் கணக்கில் ஏற்றாதீர்கள். பதிவுள்ள வேறொரு அமைப்பு வாங்கி உங்களுக்குக் கொடுப்பதும் 2020 திருத்தத்துக்குப் பிறகு முடியாது.

8. கசிந்த வரைவு கைக்கு வந்தால்

வெளிநாட்டுத் தளத்தில் ஏற்கெனவே எல்லோரும் பார்க்கும்படி வந்துவிட்ட வாசகத்தை அலசுவது ஒன்று. ஒருவர் உங்களிடம் மட்டும் கொண்டுவந்து கொடுப்பது முற்றிலும் வேறு. 1923ஆம் ஆண்டு அரசு ரகசியச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, கொடுப்பவரோடு வாங்குபவரையும் சேர்த்தே பிடிக்கும். எந்த அதிகாரியிடமும் வரைவு கேட்காதீர்கள், சூசகமாகக்கூட வேண்டாம். வந்துவிட்டால் வாட்ஸாப் குழுவில் போடாமல் முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள். பிடிஎஃப் கோப்புக்குள்ளும் அச்சிட்ட தாளிலும் யார் பிரதி என்று அடையாளம் காட்டும் குறிகள் இருக்கலாம். மாட்டுவது நீங்கள் மட்டுமாக இருக்காது.

9. செலவுக் கணக்கு

ஆர்டிஐ மனு 10 ரூபாய். நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். கோப்பை நேரில் பார்ப்பது முதல் மணி நேரம் இலவசம், பிறகு ஒவ்வொரு மணிக்கும் 5 ரூபாய். ஒரு வருடத்துக்கு 20 மனு, நகல், விரைவுத் தபால் எல்லாம் சேர்த்து எங்களுக்கு இரண்டாயிரத்தைத் தாண்டவில்லை. உண்மையான செலவு டெல்லிப் பயணம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாள் போய் இறங்கி, சந்திப்பு தள்ளிப்போய், கரோல் பாக் விடுதியில் இரண்டு நாள் காத்திருந்த செலவில் மூன்று வருட ஆர்டிஐ போட்டிருக்கலாம். சந்திப்பு உறுதியான மின்னஞ்சல் கையில் இல்லாமல் டிக்கெட் போடாதீர்கள். காணொளியில் முடியும் என்றால் அதிலேயே முடியுங்கள்.

நேரம்தான் பெரிய செலவு. ஒருவர் வாரத்துக்கு ஐந்தாறு மணி நேரம் கொடுத்தால் ஓட்டலாம். தேர்வு நேரத்தில் மாணவர்களை நம்பாதீர்கள்.

10. கையெழுத்தான பிறகும் கொஞ்சம் வேலை உண்டு

பிரிட்டனில் ஒப்பந்தத்தை நாடாளுமன்றத்தில் 21 அமர்வு நாள் வைக்க வேண்டும் என்பது 2010ஆம் ஆண்டுச் சட்டம். அந்தச் சமயத்தில் பிரபுக்கள் அவையின் பன்னாட்டு ஒப்பந்தக் குழு எழுத்துச் சான்று கேட்டால் இந்தியாவிலிருந்தும் அனுப்பலாம். இரண்டு பக்கக் குறிப்பு அதற்கும் அப்படியே உதவும். நம் பக்கம் பார்க்க வேண்டியது மறுஆய்வு விதிகள்: எந்த விதியை எத்தனை வருடத்தில் திரும்பப் பேசுவோம் என்று எழுதியிருக்கிறார்கள், எந்தக் கூட்டுக்குழு கூடும். அந்தக் குழுவின் கூட்டத் தேதிக்கும் குறிப்புக்கும் ஆர்டிஐ போடுங்கள். பேச்சு முடிந்துவிட்டதால் 8(1)(ஏ) காட்டுவது இனி அவ்வளவு சுலபமில்லை. முன்பு மறுத்த அதே மனுவைத் தேதி மாற்றித் திரும்பப் போட்டதில் எங்களுக்கு ஆறு பக்கம் கிடைத்தது. அதில் இரண்டரைப் பக்கம் கறுப்பு மை. மீதியில் அழைக்கப்பட்ட அமைப்புகளின் பட்டியல் முழுதாக இருந்தது.

இரண்டாவது மேல்முறையீட்டுக்கான அந்தத் தொண்ணூறு நாள் கெடுவை மட்டும் கைப்பேசியில் அலாரமாக வையுங்கள், எழுபதாவது நாளில் அடிக்கும்படி. இணைப்புகளை ஒழுங்குபடுத்திப் பதிவேற்றவே ஒரு வாரம் போய்விடும்.